ஜன்னலுக்குக் கீழே ஓடிய எஞ்சின்

பிப்ரவரி ஒன்பதாம் தேதி காலை, பேருந்துப் பணிமனையின் மருத்துவ அறையில், ஓட்டுநர் ஒருவரின் ரத்த அழுத்தம் நூற்றைம்பதுக்குத் தொண்ணூற்றாறு.

பணிமனையில் அவருக்கு ‘ராஜா’ என்று பெயர்; ஓட்டுநர் இருக்கையில் அந்தத் தோரணையில்தான் உட்காருவார். அளவு நூற்று நாற்பதுக்குள் இறங்காவிட்டால் டிக்கெட் கவுன்டருக்கு மாற்றிவிடுவதாக மேலாளர் சொல்லியிருந்தார்.

“வீட்டுல உப்பு?” என்றார் நர்ஸ்.

“உப்புக்கும் எனக்கும் பேச்சுவார்த்தையே இல்லம்மா. வீட்டுக்காரி டப்பாவையே ஒளிச்சு வெச்சுட்டா. மாத்திரையும் தவறாம போடுறேன்.”

ஜன்னல் கண்ணாடி கடகடவென்று ஆடியது. நர்ஸ் எட்டிப் பார்த்தார். கீழே ஒரு பேருந்து, பின்பக்கத்தை ஜன்னலுக்குக் காட்டியபடி கரும்புகை கக்கிக்கொண்டிருந்தது.

“யாரு வண்டி?”

“நம்மளதுதான்,” என்றார் ராஜா பெருமையாக. “மச்சான் இங்க மெக்கானிக். நான் இறங்கினதும் ஏறி ஓட்டட்டும்னு, செக்கப் அன்னிக்கெல்லாம் இங்கயே கொண்டாந்து சூடு பண்ணி வெச்சிருவான். பாசக்காரன்.”

“அந்தப் பாசத்தைத்தான் வெளிப்பெஞ்சுல உக்காந்து அரைமணியா இழுத்திருக்கீங்க.”

“புகை நெஞ்சைத்தானே அடைக்கும்? ரத்தத்துக்கு என்ன வந்துச்சு?”

“கண்ணுக்குத் தெரியாத தூசி நுரையீரலோட நிக்காது. ரத்தக் குழாய் சுருங்கும். இதயம் முக்கித் தள்ளும். அளவு ஏறும். வருஷக்கணக்கா இழுத்தா குழாயே தடிச்சு அடைச்சுக்கும். அடுத்த வாரம் மறுபடி பாக்கறேன். அந்த எஞ்சின் ஓடக் கூடாது.”

ராஜா இறங்கிப் போய்ச் சொன்னதும் மச்சானுக்கு ரோஷம் வந்துவிட்டது.

“உங்க நல்லதுக்குப் பண்ணினா, நானே ஆளை முடிக்கறேன்னு சொல்றீங்களா மாமா?”

“உங்கக்கா உப்பு டப்பாவை ஒளிச்சா. நீ சாவியை ஒளி.”

“சூடாகாத வண்டி மேடு ஏறுமா?”

“ஏறலேன்னா நான் இறங்கித் தள்றேன்.”

சுற்றி நின்ற ஓட்டுநர்கள் சிரித்தார்கள். வருஷக்கணக்காக ஆளுக்கொரு வண்டியை அந்த முற்றத்தில் ஓடவிட்டு டீ குடித்தவர்கள் அவர்கள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே மச்சான் எல்லாச் சாவிகளையும் வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அந்த வாரம் முழுக்க, கிளம்பும் நேரத்தில்தான் சாவி கைக்கு வந்தது.

அடுத்த வாரம் அளவு நூற்று முப்பத்தெட்டுக்கு எண்பத்தெட்டு. நர்ஸ் மாத்திரையைத் தொடரச் சொன்னார். ராஜா முதல் நடையை எடுத்தார். வண்டி மேடு ஏறியது.