உள்ளங்கைக் கோதுமை

நயீமாவுக்கு வயிறு எரிந்தது. எரியாமல் என்ன செய்யும்? மருமகளாக வந்த நாள் முதல் பஸ்காவுக்கு அரிசி பொறுக்கியதும் சோறாக்கியதும் அவள்தான். இஸ்ரேலின் ராமத் கானில் இருக்கும் பாக்தாத் யூதர் வீடுகளில் பஸ்கா சோறு யார் கையில் இருக்கிறதோ அவளுக்குத்தான் மரியாதை. இந்த வருஷம் மாமியார் கத்தூன் அந்த வேலையைத் தூக்கிச் சின்ன மருமகள் டோரினிடம் கொடுத்துவிட்டாள்.

"உனக்குக் கண்ணு மங்கிப்போச்சுடி நயீமா. போன வருஷம் கல்லு கடிச்சுதே! கல்லுன்னா துப்பிடலாம். கோதுமைன்னா?"

கோதுமை என்றால் தொலைந்தது. புளிக்கக்கூடிய தானியம் எதுவும் வீட்டில் இருக்கக் கூடாத பஸ்கா பண்டிகை வாரத்தில் சோற்றில் ஒரு கோதுமை மணி கிடந்தாலும் பானையோடு குப்பைக்குத்தான். அதற்காகத்தான் மூன்று முறை பொறுக்குவது.

"சாக்குல நம்ம மதகுரு ரப்பியோட முத்திரை இருக்கே அத்தை, அது போதாதா?" என்று சிணுங்கினாள் டோரின்.

"முத்திரை குத்தினவரு சாக்குக்குள்ள இறங்கியா பார்த்தாரு? பொறுக்கு."

டோரின் வெள்ளைத் துணியை விரித்து உட்கார்ந்தாள். விரல்கள் பறந்தன. "விரலைப் பாரேன், என்ன வேகம்!" என்று மாமியார் உருகினாள். நயீமாவுக்கு இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு வார்த்தை கிடைத்ததில்லை. இந்தச் சிறுக்கி வந்து முழுதாக ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

மூன்றாம் முறை நடக்கும்போது நயீமா சமையலறைக்குள் போனாள். பஸ்காவுக்கு இன்னும் நாள் இருந்ததால் கோதுமை ஜாடி காலியாகவில்லை. ஒரே ஒரு மணியை எடுத்துக் கைக்குள் மூடிக்கொண்டாள். போட்டுவிட்டால் போதும். மாமியாரே கண்டுபிடிப்பாள், டோரினின் மூஞ்சி செத்துப்போகும்.

அரிசிக்கு மேல் கையை நீட்டியும் விட்டாள். விரல் பிரிய மறுத்தது. கிழவி கவனிக்காமல் விட்டுவிட்டால்? அந்தச் சோற்றைத் தின்னப்போவது தன் பிள்ளைகளும்தானே.

"என்னக்கா, உதவிக்கு வந்தீங்களா? கண்ணாடிய போட்டுட்டு வாங்க," என்று சிரித்தாள் டோரின்.

நயீமா கையை இழுத்துக்கொண்டாள்.

"முடிஞ்சுது அத்தை. சுத்தம்."

கத்தூன் அரிசியை விரலால் துழாவினாள். விரல் ஓரிடத்தில் நின்றது. எடுத்துப் பார்த்தால் கோதுமை.

"இது என்னடி?"

டோரின் வெளுத்துப்போனாள். "மூணு தடவையும் பார்த்தேனே அத்தை!"

நயீமாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. விழுந்துவிட்டதா? வியர்த்த கைக்குள் மணி இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. யோசிக்காமல் கையை விரித்தாள். இருந்தது! விழவே இல்லை! டோரினே கோட்டை விட்டிருக்கிறாள்!

"என்னோடது இல்ல!" சந்தோஷத்தில் கத்தியே விட்டாள். "பாருங்க அத்தை, என்னோடது இங்கயே இருக்கு!"

கத்தூன் அந்த உள்ளங்கையைப் பார்த்தாள், பிறகு நயீமாவின் முகத்தைப் பார்த்தாள். அரிசியைத் துணியோடு சுருட்டி ஓரமாக வைத்தாள்.

"இந்த பஸ்காவுக்கு நம்ம வீட்ல சோறு கிடையாது. மாடி வீட்டுப் போலந்து யூதங்க பஸ்காவுல அரிசியே தொடமாட்டாங்க, வாரம் பூரா உருளைக்கிழங்குதான். எப்படி ஆக்குறதுன்னு போய்க் கேட்டுட்டு வாங்க."

டோரின் விசும்பிக்கொண்டே எழுந்தாள். மாமியார் அவளை இழுத்து உட்காரவைத்து தலைத்துணி முனையால் முகத்தைத் துடைத்தாள்.

"நீ இருடி கண்ணு. பெரியவ போகட்டும். இனி அவதான் சமையல். உருளைக்கிழங்க அவளால கைக்குள்ள ஒளிக்க முடியாது."

நயீமா படியேறினாள். உருளைக்கிழங்கு குத்தலைக்கூடத் தாங்கிக்கொண்டிருப்பாள். கோதுமையைப் பார்க்காமல் விட்டவளைக் கிழவி 'கண்ணு' என்றாளே, அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.