நிறையாத பஸ்

ஸ்ரீவில்லிபுத்தூர் பெண்கள் பள்ளியொன்றில் கிருபாபாய் தற்காலிக வேதியியல் ஆசிரியை. மறுநாள் பள்ளித் தாளாளர் அவள் வகுப்பில் வந்து உட்காரப்போகிறார். பாடம் அவருக்குப் பிடித்தால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் 1987ஆம் ஆண்டோடு சரி.

அன்றிரவு ராஜபாளையத்து வீட்டில், சாப்பிட்டுக்கொண்டிருந்த கணவன் ஐயாதுரையிடம் பாடத்தை ஒத்திகை பார்த்தாள். இரண்டு ஊருக்கும் நடுவே ஓடும் பஸ்ஸில் அவன் கண்டக்டர்.

"உங்க பஸ்ஸு தண்ணி, ஆளுக சீனி. பஸ்ஸு நெறஞ்சாச்சு. இனி வாரவரு கீழதான் நிக்கணும். அதுதான் தெவிட்டிய கரைசல்."

"ஏட்டி, என் பஸ்ஸு என்னிக்கு நெறஞ்சிருக்கு? ஆடிப்பூரத் தேரன்னிக்கு எம்புட்டுப் பேர ஏத்துனேன் தெரியுமா?"

"நீங்க சோத்தத் தின்னுங்க."

மறுநாள் தாளாளர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். ஒன்பதாம் வகுப்பிடம் கிருபாபாய் கேட்டாள்: "பஸ் நிறைஞ்சிருச்சு. இன்னொருத்தர் வந்தா?"

"ஏறிக்கிடுவாரு டீச்சர்!"

"படியில நிக்கலாம்ல!"

"கண்டக்டர் மாமா உள்ள தள்ளிருவாரு," என்றாள் செல்லக்கனி என்ற மாணவி. வகுப்பே சிரித்தது. தாளாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கிருபாபாய் கையிலிருந்த சாக்பீஸ் ஒடிந்தது.

"சரி, ஏறட்டும். தினமும் அவ்வளவு பேர் ஏறுவாங்களா?"

"தேருக்குத்தான் டீச்சர். அன்னிக்கு எல்லாரும் நெருக்கிக்கிடுவோம்."

"தேர்தான் சூடு. சூடாக்கினா அதே தண்ணி இன்னும் சீனியை வாங்கிக்கும். அந்தந்தச் சூட்டுக்கு இதுக்கு மேல கரையாதுன்னு ஒரு அளவு இருக்கு. அதுதான் தெவிட்டிய நிலை. தேர் முடிஞ்சு ஆறிப்போனா?"

"எறங்கிருவாக!"

"சீனியும் அப்படித்தான் அடியில எறங்கும்."

மணி அடித்ததும் தாளாளர் எழுந்து வந்தார். "தேர் உதாரணம் எந்தப் புஸ்தகத்துல இருக்கு?"

"எங்க வீட்டுக்காரர் சொன்னது சார்."

"வாற வருசமும் அதையே சொல்லிக்குடுங்க. வேலை உங்களுக்குத்தான்."

மாலையில் கணவன் பஸ்ஸிலேயே பின்படியில் ஏறினாள். முன்னால் நின்ற ஐயாதுரை என்ன ஆச்சு என்று கையாலே கேட்டான். நடுவில் அத்தனை கூட்டம். பக்கத்தில் பூக்கூடையோடு நின்ற அம்மாளிடம், "வேலை கெடச்சிருச்சுன்னு கண்டக்டர்ட்ட சொல்லச் சொல்லுங்கக்கா," என்றாள். சேதி ஆள் மாறி ஆள் மாறி முன்னால் போனது. "யோவ் கண்டக்டரே, ஒங்க வீட்டம்மாவுக்கு வேலை நெலச்சிருச்சாம்!" என்று யாரோ கத்தினார்கள்.

ஐயாதுரை தன்னை மறந்து விசிலை ஊதிவிட்டான். டிரைவர் தவசிமுத்து வயக்காட்டு நடுவே பிரேக் போட்டுத் திரும்பினார்.

"ஏலே, இங்க எவம்லே எறங்குதான்?"

"யாருமில்லண்ணே," என்ற ஐயாதுரை, கூட்டத்தை விலக்கிக்கொண்டு பின்படிப் பக்கம் போனான். "வண்டி செத்த நேரம் நிக்கட்டும்."