நூற்றுக்கு எழுபது

"எறக்குங்க! கீழ போகாதீங்க!"

அருஞ்சுனை ஓடிவந்து குறுக்கே நின்றபோது, அவள் அம்மாவின் பாடையைத் தூக்கிவந்தவர்கள் ஓடைச் சரிவில் கால் வைத்துவிட்டிருந்தார்கள். பெண்கள் அந்தக் கரையோடு திரும்பிவிட வேண்டும். ஓடையின் நடுவே இருந்த மணல் திட்டில்தான் சுடுகாடு.

சௌந்தரபாண்டியன் மகளைப் பார்த்தார். அழுது வீங்கிய முகம். கையில் போன்.

"அப்பா, காரியாபட்டிப் பக்கம் இடிமழை கொட்டுது. ரேடார்ல பாத்தேன், ஒரு மணி நேரமா அந்த மேகம் நகரவே இல்ல. அம்புட்டுத் தண்ணியும் இங்கதான் வரணும்."

எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. ஓடை மணலில் ஆட்டுப் புழுக்கை காய்ந்து கிடந்தது.

"ஏத்தா, ஒரு பொட்டு மேகமில்ல, வெள்ளம் வருதாக்கும்?" என்றார் மொக்கையன். செத்துப்போன முத்துலட்சுமியின் அண்ணன். நரிக்குடியிலிருந்து பிறந்த வீட்டுக் கோடிச் சேலையோடு வந்தவர். "அன்னைக்கு மொளகா அள்ளச் சொன்ன கதையா?"

இரண்டு பேர் சிரித்துவிட்டு, இடம் உணர்ந்து வாயை மூடிக்கொண்டார்கள்.

சென்னையில் மழை கணிக்கும் வேலையில் இருக்கும் மகள் சொன்னாள் என்று, பங்குனியில் களத்தில் காய்ந்த மிளகாயை எல்லாம் தெருவே அள்ளும்படி செய்தாள் முத்துலட்சுமி. ஒரு துளி விழவில்லை. சண்டைக்கு வந்தவர்களிடம் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"நூத்துக்கு அறுபதுன்னுதான் எம் மக சொன்னா. மிச்ச நாப்பதுல தப்பிச்சீக. சந்தோசமா இருந்துட்டுப் போங்கடி!"

அன்று சௌந்தரபாண்டியனும் சேர்ந்து சிரித்தார். இரண்டு நாள் அவள் அவரிடம் பேசவில்லை. சோறு மட்டும் வைத்தாள்.

"கட்டாயம் வருமா தாயி?" என்று இப்போது கேட்டார்.

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவள் சொல்லவில்லை.

"நூத்துக்கு எழுபதுப்பா. வராமலும் போகலாம்."

"மாப்ள, தூக்குனத நடுவழியில நிப்பாட்டக் கூடாது" என்றார் மொக்கையன். "பொழுது வேற போகுது. எந் தங்கச்சியக் காக்க வைக்காதீக."

சௌந்தரபாண்டியன் தோள் துண்டை உதறி, கருவேல மர நிழலில் விரித்தார்.

"எறக்குங்கப்பா. மச்சான், தண்ணி வரலைன்னா என்னைய வையிங்க. எம் மகளை வையாதீக."

கால் மணி போனது. அரை மணியும் போனது. கொட்டுக்காரர்கள் பீடி பற்றவைத்தார்கள். மொக்கையன் வாட்சைப் பார்ப்பதும் தங்கையைப் பார்ப்பதுமாக இருந்தார். போனை மடியில் கவிழ்த்துவிட்டு, அம்மாவின் காலடியில் உட்கார்ந்து மணலையே பார்த்துக்கொண்டிருந்தாள் அருஞ்சுனை.

முதலில் சத்தம்தான் வந்தது, லாரியிலிருந்து ஜல்லி லோடு சரிவது போல. பிறகு ஓடை வளைவில் செந்நிறத் தண்ணீர் முள்ளையும் சருகையும் உருட்டிக்கொண்டு திரும்பியது. புழுக்கை கிடந்த மணல் காணாமல் போயிற்று. கொஞ்ச நேரத்தில் திட்டின் மேலிருந்த தகரக் கொட்டகைக்கு இடுப்பளவு தண்ணீர். வெயில் அப்படியேதான் அடித்துக்கொண்டிருந்தது.

மொக்கையன் கரையில் நின்றவர்களை விரல் விட்டு எண்ணினார். பிறகு மறுபடியும் எண்ணினார்.

"இருபத்தெட்டுப் பேரு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மருமகளிடம் வந்தார். "தாயி, இது எப்ப வடியும்?"

"வடியுறதுக்குள்ள விடிஞ்சிரும் மாமா. சிதைய நம்ம மேட்டுக்காட்டுல வச்சுக்கிருவோம்."

அவர் கூட்டத்தின் பக்கம் திரும்பி, இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

"எந் தங்கச்சி மக சொல்லுது, கேட்டீகளா? மேட்டுக்காட்டுக்குத் தூக்குங்க!"

அந்தக் குரல் சௌந்தரபாண்டியனுக்குப் பழக்கமான குரலாக இருந்தது. அவர் பாடையின் பக்கத்தில் குனிந்தார். வெயிலுக்காக முத்துலட்சுமியின் முகத்தில் போட்டிருந்த கோடிச் சேலையின் முந்தானையை, ஓடைப் பக்கமாகக் கொஞ்சம் விலக்கிவிட்டார்.