புகார்க்காரி

என் வாய் சும்மா இருக்காது. தையல் யூனிட்டில் எனக்கு வாயாடி என்றுதான் பெயர். பின்பக்கக் கதவைப் பூட்டியே வைத்திருக்கிறார்களே, தீப்பிடித்தால் எல்லோரும் கருகிச் சாக வேண்டியதுதானா என்று சத்தமாகவே கேட்பேன். யாரோ தொழிலாளர் துறைக்குப் போன் செய்து, சோதனைக்கு ஆள் வந்து, பூட்டைக் கழற்ற வைத்ததும் முதலாளி அதிகம் யோசிக்கவில்லை. "உன் தையல் சரியில்ல, நாளைலேர்ந்து வராதே" என்று என்னிடம் சொல்லிவிட்டார்.

போன் செய்தது என் அண்ணி. பக்கத்து மெஷினில் தைப்பவள். வீட்டுக்கு வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"பேரு சொல்லாமத்தான் பேசினேன். உன் தலையில வந்து விடியும்னு நெனைக்கல."

அண்ணன் இடுப்பு உடைந்து படுத்த படுக்கை. புருஷனோடு ஒத்துவராமல் வந்த எனக்கும் அதுதான் வீடு. இரண்டு பேர் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது.

இருவரும் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போனோம். அதிகாரி அம்மா உட்காரச் சொன்னார்.

"புகார் குடுத்ததுக்காக வேலையை விட்டு எடுக்கக் கூடாதும்மா. சட்டம் இருக்கு. புகார் குடுத்தது நீங்கதானே?"

இல்லை என்றால் நான் தைக்கத் தெரியாதவள். சட்டத்துக்கும் எனக்கும் சம்பந்தமில்லை. ஆமாம் என்றால் ஆயுசுக்கும் புகார்க்காரி. அண்ணியைக் காட்டிக்கொடுத்தால் எந்த முகத்தோடு அந்த வீட்டில் சாப்பிடுவது? அவளாக வாயைத் திறப்பாள் என்று பார்த்தேன். தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமாங்க, நான்தான்."

வேலை திரும்பக் கிடைத்தது. முதலாளி என்னைக் கும்பிடாத குறை. ஆனால் ஒருத்தியும் என்னிடம் பேசவில்லை. பேசினால் அவளும் கூட்டு என்று முதலாளி நினைத்துவிடுவாராம். சாப்பாட்டு நேரத்தில் பெஞ்சில் நானும் என் டப்பாவும்தான். வாயாடிக்கு இதைவிட என்ன தண்டனை வேண்டும்?

இரண்டு நாள் அண்ணி பொறுத்தாள். பிறகு எழுந்து எல்லார் காதிலும் விழும்படி சூப்பர்வைசரிடம் சொன்னாள்:

"சார், என்னை வேற மெஷினுக்கு மாத்துங்க. இவ பக்கத்துல இருந்தா என்னையும் சந்தேகப்படுவாங்க."

"இப்பவாவது புத்தி வந்துச்சே" என்று அவர் உடனே மாற்றிக் கொடுத்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் சொன்னதில் தப்பில்லை, ஒரு சம்பளமாவது பத்திரமாக இருக்க வேண்டும் என்று புரிந்தது. புரிந்ததால் கோபம் கூடத்தான் செய்தது. சாயங்காலம் பஸ் வந்தது. அவள் முன்பக்கம் ஏறினாள், நான் பின்பக்கம் ஏறினேன். ஒரே வீட்டுக்குத்தான் போய்க்கொண்டிருந்தோம்.