ஒரு வாய் கடித்த ரொட்டி

சக்கரத்தை மூன்றாவது முறையாகச் சுழற்றிப் பார்த்தாள் சல்கினாய். பிரேக்கைப் பிடித்ததும் சொன்ன பேச்சு கேட்கிற பிள்ளையாக நின்றது. சங்கிலிக்கு எண்ணெய் போட்டாயிற்று, தலைக்கவசத்தின் வாரையும் மோவாய்க்கு அளவாக இழுத்தாயிற்று. சாப்பாட்டு விரிப்பின் மேல் பரப்பியிருந்ததை வாய்விட்டே எண்ணினாள். பம்ப், ஒட்டுப்போடும் பசை, திருகுசாவிகள், மழைக்கோட்டு, கம்பளிச் சட்டை, காயத்துக்குக் கட்டுத்துணி, விசில், தண்ணீர். மாற்று டியூபை மட்டும் வெள்ளைத் துணியில் சுற்றியிருந்தாள். சாவி உரசி, போகிற வழியிலேயே ஓட்டை விழுந்தால் யாரை நோவது?

போன வருடம் இதையெல்லாம் யார் பார்த்தார்கள்! உலர்தயிர் உருண்டையும் ஆட்டுக்கறியுமாக ஏழு பேர் சாப்பிடக் கட்டிக்கொண்டு போனாள், டியூபை மறந்துவிட்டாள். பாதி மலையில் காற்று இறங்கிப்போக, கணவன் குபாத்தின் லாரியில் ஆடுகளோடு ஆடாக இறங்கி வந்தாள். அவர்கள் ஊரான கொச்கோரின் சந்தை வாய்க்கு ஒரு வருடத்துக்கு அவல் கிடைத்தது. அவள் வேலை பார்க்கும் தபால் நிலையத்துக்கு வருகிறவர்கள்கூட, "அக்கா, இந்தக் கடுதாசி சைக்கிள்ல போகுமா, லாரியில போகுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் தபால்தலையை ஒட்டினார்கள். இந்த முறை கணவாயைத் தாண்டி, ஏரிக்கரை மேய்ச்சல் வெளியில் இருக்கும் தங்கை கூடாரத்தின் முன்னால் தன் சக்கரத்திலேயே போய் இறங்க வேண்டும். ஐம்பத்திரண்டு வயதில் அவளுக்கு இருந்த பேராசை இது ஒன்றுதான்.

"லாரியைத் துடைச்சு வெச்சிருக்கேன்டி. எந்த வளைவுக்கு வரணும்னு இப்பவே சொல்லிட்டுப் போ" என்றான் குபாத், தேநீரை உறிஞ்சிக்கொண்டு.

"உங்க வாயில நல்ல வார்த்தையே வராதா?"

அன்று விடிகாலையில் சுட்ட சின்ன ரொட்டியை எடுத்து ஒரு வாய் கடித்தாள். பயணம் கிளம்புகிறவர் கடித்த ரொட்டி வீட்டில் தொங்க வேண்டும். திரும்பி வந்து மிச்சத்தைத் தின்ன வேண்டும். அதுவரை அது காத்திருக்கும்.

"நாலு நாளைக்கு எதுக்குடி இதெல்லாம்? பட்டாளத்துக்கா போறே?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான் அவன்.

அவளுக்குச் சுருக்கென்றது. ரொட்டியை இன்னொரு வெள்ளைத் துணியில் சுற்றினாள். அதற்குள் கூடப் பயணம் வரும் நூரிலா வாசலில் சைக்கிளோடு நின்று விசிலடித்தாள். மாட்டு வைத்தியர் நூரிலா வாயைத் திறந்தால் தெருவே எழுந்துவிடும். "அக்கா, மத்தியானத்துக்கு மேல மலையில மழை பிடிச்சுக்கும், வாங்க!" சல்கினாய் அவசர அவசரமாக ஒரு மூட்டையைக் கதவுக்கு மேலிருந்த ஆணியில் மாட்டினாள், இன்னொன்றைப் பைக்குள் திணித்தாள், மிதித்தாள்.

அடடா, அந்தக் காலை! ஓடை பக்கத்திலேயே கூட வந்தது. தொடை வலித்தது, மூச்சு வாங்கியது, ஆனாலும் சிரிப்பு சிரிப்பாக வந்தது. ஒன்பதாவது வளைவில், போன வருடம் லாரி ஏறிய பாறையைத் தாண்டியபோது அதற்குக் கையாட்டினாள். பதினோராவது வளைவில் முன் சக்கரம் கூர்ங்கல்லில் ஏறி, புஸ்ஸென்று படுத்தது.

"போனா போகுது. மாத்திட்டாப் போச்சு" என்று கழற்றினாள். வால்வு அடியோடு பிய்ந்திருந்தது, ஒட்டுப்போட வழியில்லை. நூரிலாவிடம் இருந்த டியூபோ பெரிய சக்கரத்துடையது. கவலையே இல்லாமல் வெள்ளை மூட்டையைப் பிரித்தாள்.

உள்ளே ரொட்டி இருந்தது. ஓரத்தில் அவள் பல் பதிந்த பிறை.

நூரிலா பார்த்தாள். உதட்டைக் கடித்துப் பார்த்தாள், முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு புல்லில் உட்கார்ந்துவிட்டாள். சல்கினாயும் சிரித்தாள், சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண் நிறைந்துவிட்டது. வாய்விட்டு எண்ணியும் இப்படியா? சந்தைக்கு இன்னும் ஒரு வருட அவல்.

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். கீழே வளைவில் பழக்கமான ஹாரன் கேட்டது. 'எக்காளம் போட வந்துவிட்டான் மனுஷன்' என்று பல்லைக் கடித்தாள்.

லாரி நின்றது. குபாத் குதித்தான். படுத்துக் கிடந்த சக்கரத்தை அவன் பார்க்கவே இல்லை.

"ரொட்டி எங்கடி?"

"என்னது?"

"ஆணியில ரப்பரைத் தொங்கவிட்டுட்டு ரொட்டியைக் கையோட கொண்டு வந்துட்டியே! வீட்டுல ரொட்டி இல்லேன்னா நீ எப்படிடி திரும்பி வருவே?"

முகம் வெளிறியிருந்தது. சட்டைப் பொத்தான் மாறி மாட்டியிருந்தது. நூரிலா புல்லிலிருந்து எழுந்து நின்றாள்.

"என் டியூபைக் குடுங்க முதல்ல" என்றாள் சல்கினாய்.

கொடுத்தான். ரொட்டியை வாங்கிக்கொண்டு, லாரியின் பின்பக்கத்தை ஒரு பார்வை பார்த்தான். "ஏறுறியா?" என்று கேட்டும்விட்டான்.

"மாட்டேன்."

"நானும் சும்மாதான் கேட்டேன்."

அவன் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ள, அவள் டயரின் உட்புறத்தை விரலால் தடவி, கல் துணுக்கை எடுத்தெறிந்து, புது டியூபை மாட்டி, காற்றடித்தாள். பிரேக்கை ஒருமுறை, இருமுறை பிடித்துப் பார்த்தாள். அவள் மிதித்துக் கிளம்பியதும், அவன் லாரித் தண்ணீர்க் கேனைத் திறந்து, போகிறவள் நல்லபடியாகத் திரும்பட்டும் என்று பாதையில் ஒரு வாய் தண்ணீர் ஊற்றினான்.

அடுத்த வளைவில் நின்று கீழே பார்த்தாள். இருபத்தேழு வருடத்தில் இடுப்பில் ஒரு நாளும் வார் போட்டு ஓட்டாத மனிதன், பக்கத்து இருக்கையில் ரொட்டியை உட்கார்த்தி, குறுக்கே வாரை இழுத்து, க்ளிக்கென்று மாட்டிக்கொண்டிருந்தான்.