பேழையில் பன்னிரண்டு ஆடு குறைகிறது

வேதாகமத்தை, அது பிறந்த மக்களின் பழக்கவழக்கங்களோடும் பழங்கதைகளோடும் சேர்த்துப் படிக்கும் வகுப்பு ஒன்றை ஆலயத்தின் பின் அறையில் நடத்துகிறேன். மொத்தம் ஆறு பேர். ஆலயச் செயலாளரான என் அக்காள் கணவருக்கு அந்த ஆறு பேரே அதிகம்.

"மாப்ள, இன்னைக்கு நானும் உக்காருவேன். கதை, கிதைன்னு ஒரு வார்த்தை வந்துச்சு, அடுத்த வாரம் இந்த ரூம்ல நாற்காலிதான் அடுக்கியிருக்கும்" என்றார் அத்தான்.

உட்கார்ந்தார். அவர் தலைக்கு மேல், அவரே முன்னின்று வரையவைக்கும் சுவரோவியம்: பெருவெள்ளத்துக்குத் தப்ப நோவா கட்டிய கப்பலான பேழை, அதில் ஜோடி ஜோடியாக ஏறும் மிருகங்கள். பெயிண்டர் ஏணியில் நின்று ஒட்டகச்சிவிங்கியின் கழுத்துக்குப் புள்ளி வைத்துக்கொண்டிருந்தார்.

வெள்ளக் கதை அந்த மக்களின் அண்டை நாட்டார் எழுதிவைத்த களிமண் பலகைகளிலும் உண்டு, அங்கும் ஒரு படகு, அங்கும் பறவையை அனுப்பிப் பார்க்கிறார்கள் என்று தொடங்கினேன். அத்தான் இருமினார். நாற்காலி அடுக்கும் இருமல்.

"அப்ப காப்பியடிச்சாங்கங்கிறியா?"

"இல்லத்தான். அங்க மனுஷங்க போடுற சத்தம் தாங்காம தெய்வம் வெள்ளத்த அனுப்புது. இங்க மனுஷன் பண்ற அநியாயம் தாங்காம. அந்த வித்தியாசம்தான் பாடமே."

"விளக்கமே வேணாம். எழுத்துக்கு எழுத்து அப்படியே நடந்தது. படிச்சாப் போதும்."

"நீங்களே படிங்கத்தான்."

அத்தானுக்குக் கணீர்க் குரல். ஆறாம் அதிகாரத்தில் எல்லா உயிரிலும் ஒரு ஜோடி. பெருமையோடு சுவரைப் பார்த்தார். யாரும் நிறுத்தச் சொல்லாததால் ஏழாம் அதிகாரத்துக்குள்ளும் போனார்: சுத்தமான, அதாவது பலிக்கு உகந்த, மிருகங்களில் ஏழேழு ஜோடி. குரல் பாதியில் உட்கார்ந்துவிட்டது.

ஏணியிலிருந்து பெயிண்டர் கேட்டார்: "சார், ஆடு சுத்தமானதா?"

"சுத்தந்தான்" என்றார் வகுப்புக்கு வரும் நர்ஸ், உதவுகிற ஆசையில்.

"அப்ப பன்னெண்டு ஆடு குறையுது. மாட்டுலயும் பன்னெண்டு. எழுத்துக்கு எழுத்துன்னா செவுத்த அடுத்த தெரு வரைக்கும் கட்டிக் குடுங்க. நான் நாளைக்கு வேற வேலைக்குப் போறேன்."

அத்தான் புத்தகத்தை மெல்ல மூடினார். "மாப்ள, இதுக்கு உன் ஆளுங்க என்ன சொல்றாங்க?"

"ரெண்டு பழைய மரபச் சேர்த்துக் கோத்திருக்காங்கன்னு நிறைய ஆய்வாளருங்க சொல்றாங்க. ரெண்டு மேலயும் மரியாதை, அதனால எதையும் வெட்டல."

"அப்ப நம்ம செவுரு?"

"ஒரு மரபுப்படி முழுக்கச் சரிதான்."

அடுத்த ஞாயிறு, ஓவியத் திறப்பில் அத்தான் சபையாருக்கு இரண்டு மரபுகளையும் விளக்கினார். களிமண் பலகைகளையும் விட்டுவைக்கவில்லை.

"உங்க அத்தான் எவ்ளோ படிச்சிருக்காரு பாத்தியா?" என்றாள் அக்காள்.

வகுப்பில் இப்போது ஏழு பேர். ஏழாமவர் முன்வரிசையில் உட்கார்ந்து என்னைத் திருத்துகிறார்.