அடுப்புக்குப் பின்னால் பச்சைக் கண்ணாடி

"தெரியுதா?"

கூடத்துக் கட்டிலில் படுத்தபடி அப்பாதுரை கையைத் தூக்கிக் காட்டினார். சமையல் மேடை முன்னால் நின்ற கிருஷ்ணவேணிக்கு அது காதில் விழவில்லை. பக்கத்து வீட்டில் நாள் முழுக்க ஓடும் தறிச் சத்தமே அவளை எட்டாது. சுவரில் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டிருந்த கலியன் அவள் காதருகே குனிந்து கத்தினான்.

"அண்ணன் கை தெரியுதான்னு கேக்குறாரு, அண்ணி!"

"தலை தெரியுது. கை தெரியல."

"வலது ஓரத்த இன்னும் கொஞ்சம் முன்னால இழுடா," என்றார் அப்பாதுரை. கலியன் ஒரு மரத்துண்டைச் சுவருக்கும் கண்ணாடிக்கும் நடுவே செருகினான்.

சாமி படங்களுக்குக் கண்ணாடி போட்டுச் சட்டம் அடிக்கும் கடை அப்பாதுரையுடையது. கலியன் அதில் கூட்டாளி. மார்வலி வந்த பிறகு டாக்டர் அவரைக் கட்டிலைவிட்டு இறங்கவே கூடாது என்று சொல்லிவிட்டார். போன வாரம் மறுபடியும் வலி வந்தபோது, அவர் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். அவளோ சுவரைப் பார்த்து நின்று குழம்பு தாளித்துக்கொண்டிருந்தாள். காப்பியோடு வந்தவள், வேர்வையில் நனைந்து கிடந்தவரைப் பார்த்துப் பதறிப்போனாள். அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

"உன் காத ஒண்ணும் பண்ண முடியாது. செவுத்த பண்ணலாம். கண்ணாடி மாட்டிடலாம்," என்று மறுநாள் அவளைக் குனியவைத்துக் காதருகே சொன்னார்.

"அடுப்பாண்ட மூஞ்சி பாக்குற கண்ணாடியா? தெருவே சிரிக்கும்!" என்றாள் அவள்.

அதற்கும் வழி கண்டுபிடித்தார் மனிதர். தடித்த வெறும் கண்ணாடிக்குப் பின்பக்கம் கரும்பச்சை வர்ணம். பார்ப்பவர்களுக்கு அழகு, எண்ணெய் தெறித்தால் ஒரே துடைப்பில் போய்விடும், உற்றுப் பார்ப்பவளுக்கு மட்டும் பின்னால் இருப்பது நிழலாய்த் தெரியும். சூட்டில் வெடிக்காதிருக்க ஸ்டவ்வை ஒரு முழம் தள்ளி வைக்கச் சொன்னார். படுத்த படுக்கையிலும் கடைக்காரப் புத்தி போகவில்லை.

"ஆங்! தெரியுதுங்க! அஞ்சு வெரலும் தெரியுது!" என்று கூவினாள் கிருஷ்ணவேணி.

கலியன் கண்ணாடியின் ஓரங்களைச் சுற்றி ஆணி அடித்து முடித்தான். வலது ஓரம் சுவரைவிட்டுத் துருத்திக்கொண்டு, பார்க்கக் கோணலாகத்தான் இருந்தது. அன்று பிற்பகல் முழுக்க அப்பாதுரை சும்மா சும்மா கையைத் தூக்கினார். அவளும் ஓடி ஓடி வந்தாள். நான்காவது தடவை தலையில் அடித்துக்கொண்டு, "வெளையாட்டா இருக்குதா?" என்று சிரித்தாள். இருவரும் இப்படிச் சிரித்து வெகு நாளாகியிருந்தது.

விளக்கு வைக்கும் நேரத்தில் பச்சைக்குள் மறுபடியும் கை எழுந்தது. இந்தத் தடவை விரல்கள் விரியவில்லை. ஸ்டவ்வைத் தணித்துவிட்டு ஓடினாள்.

"தண்ணியா?"

தலையசைத்தார். இரண்டு மிடறு குடித்தார். அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பிடி தளர்ந்தபோது அவள் பக்கத்தில்தான் இருந்தாள். அந்த ஆறுதல் போதும் என்று அழுகைக்கு நடுவிலும் அவளுக்குத் தோன்றியது.

மறுநாள் மதராஸிலிருந்து மகன் இளங்கோவன் வந்து கொள்ளி வைத்தான். பக்கத்து வீட்டிலிருந்து சோறு வந்தது. துக்கத்துக்கு வந்த பெண்கள் மூக்கைச் சிந்திக்கொண்டே சமையலறையை எட்டிப் பார்த்து, "பச்சையா இன்னா அழகா இருக்குது!" என்றார்கள். கட்டிலைக் கழுவிக் கொல்லையில் நிறுத்தினார்கள்.

பால் தெளித்துவிட்டு வந்த பிறகுதான் அவள் ஸ்டவ்வைப் பற்ற வைத்தாள். இளங்கோவன் சுத்தியலோடு வந்து நின்றான்.

"இன்னாம்மா இது, இவ்ளோ கோணலா அடிச்சிருக்கான் கலியன்! நேராக்கிடட்டா?" என்று சத்தமாகக் கேட்டான்.

"மொதல்ல காப்பி குடி. அப்பறம் பாக்கலாம்."

அவன் கூடத்துக்குப் போனான். பால் பொங்கி வரும்போது பச்சைக்குள் ஒரு கை எழுந்தது. அவளுக்கு வேறெதுவும் தோன்றவில்லை. ஸ்டவ்வைத் தணித்தாள். சொம்போடு ஓடினாள்.

"தண்ணியா?"

கட்டில் கிடந்த இடத்தில் நின்று, கழற்றிய சட்டையை ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தான் இளங்கோவன். அவன் கூப்பிடவேயில்லை. அம்மாவைப் பார்த்தான். அவள் தோளுக்கு மேலாக அந்தப் பச்சையைப் பார்த்தான். அவள் சொம்பை நீட்டியபடி நின்றாள்.

"ஆமாம்மா. தண்ணிதான்," என்று வாங்கி முழுக்கக் குடித்தான்.

பிறகு சுத்தியலை எடுத்துப்போய் அப்பாவின் பெட்டியில் வைத்து மூடினான்.